வளைவில் திறந்த கதவு

காரிலிருந்து விழுந்தது தான்தான் என்பதில் சின்னவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

வீட்டில் நாலு பிள்ளைகள். பெரியண்ணனுக்குப் படிப்பு, அக்காவுக்கு அழகு, சின்னண்ணனுக்குக் கைப்பக்குவம் என்று மூத்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனபிறகு, கடைசியாகப் பிறந்தவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அப்பாவின் பழைய காரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கும்போது ஒரு வளைவில் கதவு தானாகத் திறந்துகொண்டது. சின்னவள் விழுந்தாள். வண்டி நிற்காமல் போனது. அப்புறம் திரும்பி வந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கதை இவ்வளவுதான். இந்தச் சின்ன மூலதனத்தை வைத்துக்கொண்டு அவள் ஐம்பது வருஷமாக வியாபாரம் செய்துவந்தாள். பள்ளிக்கூடத்தில் சொன்னாள், விடுதியில் சொன்னாள், கல்யாணமான புதிதில் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓ, அதான் இப்படியா?" என்றார். இப்போது சின்னவள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் தாடையை இயந்திரத்தின் மேல் பதித்து, நெற்றியை முட்டுக்கொடுத்து, இமைக்காமல் உட்கார்ந்திருக்கும்போது அவர்களிடம் சொல்கிறாள். அவர்களால் எழுந்து போக முடியாது. சாட்சிக்கு முழங்கையில் ஒரு தழும்பு உண்டு. கதை முடிகிற இடத்தில் கையை மடக்கிக் காட்டுவாள்.

இந்தச் சொத்துக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபத்து வந்தது.

பெரியண்ணன் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி ஓய்வு பெற்றதே தவிர, தொண்டை ஓய்வு பெறவில்லை. முன்பு மாணவர்களுக்குக் கிடைத்துவந்தது இப்போது குடும்பத்து வாட்சப் குழுவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பிடித்த தலைப்பு, அந்தக் காலத்துக் கார்ப் பயணம். 'அன்று பெல்ட் ஏது? மோதினால் விரியும் பலூன் ஏது? குழந்தைக்கென்று தனி நாற்காலி ஏது? ஆனாலும் வளர்ந்தோம், உயர்ந்தோம்!' என்று காலையில் எழுதுவார். மாலைக்குள் நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டுவிடுவார்கள். போடாதவர்களுக்கு அவரே மறுபடியும் அனுப்புவார்.

எழுதி எழுதி ஆசை அடங்காமல், அப்பா வைத்திருந்த அதே மாதிரிக் கார் ஒன்றை எங்கோ கோழி அடைந்துகொண்டிருந்த கொட்டகையிலிருந்து வாங்கிவந்து, பட்டறையில் விட்டுப் புதுப்பித்தார். மெக்கானிக் எல்லாம் முடித்துவிட்டு, "சீட்டுக்கு ஒரு பெல்ட்டு மட்டும் மாட்டிடலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"வேண்டாம்பா. வண்டியோட ஆன்மா போயிடும்."

"அது போகாம இருக்கத்தான் சார் பெல்ட்டே."

பெரியண்ணன் அந்த மெக்கானிக்கோடு அதன் பிறகு பேசுவதில்லை.

அந்தக் காரின் பலத்தில் அவர் 'பழைய கார் அன்பர்கள் மன்ற'த்தில் சேர்ந்தார். சேர்ந்த வேகத்தில் ஆண்டு விழாவின் சிறப்புப் பேச்சாளரும் ஆனார். தலைப்பு: 'பெல்ட் இல்லாத பொற்காலம்'. அந்த உரையைத்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் குடும்பத்துக்கு அனுப்பியிருந்தார். 'தங்கள் மேலான கருத்துக்கு' என்று மேலே போட்டிருந்தது. பாராட்டுக்கு என்று அர்த்தம்.

சின்னவள் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடிக் காலுக்குத் திருகாணி போட்டுக்கொண்டே படிக்க ஆரம்பித்தாள்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார். அதைச் சொல்லாமலிருக்க முடியாது. வெயிலில் நின்ற காரின் ரெக்சின் சீட்டில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். எழும்போது பிளாஸ்திரி பிய்க்கிற சத்தம் வரும். சின்னண்ணன் உட்கார இடமில்லாமல் பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் படுத்துக்கொள்வான். அப்பா பிரேக் போட்டால் அங்கிருந்து அக்கா மடிக்கு வந்துவிடுவான். அதையே அவன் இறங்கும் வழியாகவும் வைத்துக்கொண்டிருந்தான். பின்சீட்டின் கீழே தரைத்தகட்டில் ஓட்டை. அதன் வழியே ரோடு ஓடுவதைப் பார்க்கலாம், ஆரஞ்சுத் தோலைப் போடலாம். பெட்ரோல் வாசனையும் வாந்தி வாசனையும் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கலந்திருக்கும். எதிரே லாரி வந்தால் அம்மாவின் கை குறுக்கே வந்து, நடுவில் நிற்கிற குழந்தையின் நெஞ்சில் தடுப்புக்கட்டை மாதிரி விழும். அந்த வண்டியில் இருந்த ஒரே பெல்ட் அதுதான்.

சின்னவளுக்குக் கண் கலங்கியது. அண்ணன் சும்மா ஒன்றும் கல்லூரி முதல்வர் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டே அடுத்த பத்திக்குப் போனாள்.

'ஒருநாள் வளைவில் கதவு திறந்துகொண்டது. சிறுவனாகிய நான் சாலையில் உருண்டேன். வண்டி போய்விட்டது. நான் அழவில்லை. எழுந்தேன். மண்ணைத் தட்டினேன். வாழ்க்கை நம்மை எறியும் இடத்திலிருந்துதான் நாம் நடக்கத் தொடங்க வேண்டும் என்பதை அன்றே கற்றேன்.'

திருகாணி கீழே விழுந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போனது.

"என்னம்மா, ஏதாவது கெட்ட செய்தியா?" என்றார் வாடிக்கையாளர்.

"திருட்டுப் போயிடுச்சு சார்," என்றாள் சின்னவள்.

*

விழா ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலில் கார் நின்றது. பெரியண்ணன் மெல்லிய துணியால் அதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொந்தப் பிள்ளைகளுக்கு அவர் மூக்குத் துடைத்துவிட்டதைக்கூட யாரும் பார்த்ததில்லை.

அண்ணி கதவருகில் நின்று, "வா வா. உங்கண்ணன் விடிஞ்சதுலேருந்து அதோடதான் குடும்பம் நடத்திக்கிட்டிருக்காரு," என்றாள்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"உரை படிச்சியா? எந்த இடம் பிடிச்சது?"

"நீங்க விழுந்த இடம்."

"அதான் உயிர்நாடி," என்றார் பெரியண்ணன்.

"அண்ணா, விழுந்தது நான்."

பெரியண்ணன் துணியை மடித்தார். தேர்வில் மார்க் போதவில்லை என்று வருகிற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பைச் சிரித்தார். "அப்ப நீ கைக்குழந்தைம்மா. நாங்க சொல்லக் கேட்டு உனக்கே நடந்த மாதிரி ஆயிடுச்சு. இது ரொம்ப சகஜம். மனோதத்துவத்துல இதுக்கு ஒரு பேரே இருக்கு."

"பேரு இருக்கட்டும். தழும்பு இருக்கா உங்ககிட்ட?"

அவர் முன்னெற்றியில் மிச்சமிருந்த முடியை ஒதுக்கிக் காட்டினார். இருந்தது. புருவத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு.

சின்னவள் முழங்கையைக் காட்டினாள். இருவரும் வாசலில் தழும்பும் கையுமாக நிற்கும்போது அக்காவும் சின்னண்ணனும் வந்து இறங்கினார்கள். விழாவுக்கு எல்லோரும் சேர்ந்தே போவதாக ஏற்பாடு. அக்கா விஷயத்தைக் கேட்டாள். கேட்டதும் கைப்பையைக் காரின் மேலேயே வைத்தாள். பெரியண்ணன் பதறிப்போய் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன, ரெண்டு பேருக்கும் புத்தி பிசகிடுச்சா? விழுந்தது நான்ல? பாருங்க." மோவாயைத் தூக்கினாள். அடியில் தையல் போட்ட தடம். "இதனாலதான் நான் போட்டோவுல எப்பவும் குனிஞ்சே நிப்பேன். இத்தனை வருஷமா ஏன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"அடக்கம்னு நினைச்சோம்," என்றார் பெரியண்ணன்.

சின்னண்ணன் மட்டும் பேசவில்லை. அவருக்கு மூன்று தெரு தள்ளி பேக்கரி. அதிகாலையிலேயே அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வருகிறவர், பொதுவாகவே சண்டைக்கு மாவு பிசையாதவர். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான் விழுந்தேன்னு நான் நினைச்சிட்டிருந்தேன்," என்றார். "ஆனா அவங்கவங்க சந்தோஷமா சொல்லிக்கிட்டிருக்கீங்களேன்னு..."

"நீ தினமும்தான்டா விழுந்தே," என்றாள் அக்கா. "அது வண்டிக்குள்ள. கணக்குல வராது."

அண்ணி எல்லோரையும் உள்ளே வரச்சொன்னாள். "ரோட்டுல நின்னு தழும்பைக் காட்டிக்கிட்டிருந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? நல்லவேளை, இன்னும் ரெண்டு பேரு பிறக்கல. அவங்களும் விழுந்திருப்பாங்க."

உள்ளே கூடத்தில், ஜன்னலோர நாற்காலியில் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா பெரியண்ணனோடுதான் இருக்கிறாள். காது நன்றாகக் கேட்கும். ஆனால் பெரியண்ணன் பேசும்போது கேட்காத மாதிரி இருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

சண்டை கூடத்தில் தொடர்ந்தது. பெரியண்ணன் வயது வாரியாகத் தர்க்கம் செய்தார். அக்கா, கதவோரம் உட்கார உரிமை தனக்குத்தான் இருந்தது என்றாள். சின்னவள், காற்று முகத்தில் அடித்ததும் ஜல்லிக் கற்கள் வேகமாக ஓடியதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதா இது, என்றாள். ஐம்பதையும் அறுபதையும் தாண்டிய நாலு பேர், ஒரு காரிலிருந்து விழுந்த பெருமைக்காக மூச்சு வாங்கினார்கள். சின்னண்ணன் இடையிடையே, "ஆளுக்குக் கால்வாசி வச்சுக்கலாமே," என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

"அம்மாவையே கேட்டுடலாம்," என்றாள் சின்னவள் கடைசியில். நிச்சயமாக ஜெயிக்கப்போகிறவளின் தைரியம் அது.

இத்தனை வருஷத்தில் அவர்கள் இந்தக் கதையை அம்மாவிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதில்லை.

"அம்மா," என்றார் பெரியண்ணன், "வளைவில கதவு திறந்து ரோட்டுல விழுந்தது யாரு? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் அம்மா. ஒரு பட்டாணியை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "நான்தான்."

அக்கா மோவாயை இறக்கினாள்.

"நீ எங்கம்மா விழுந்தே?" என்றாள் அக்கா.

"கார்லேருந்துதான். பின்ன, கப்பல்லேருந்தா?"

"அப்ப இந்தத் தையல்?"

"அது, முன்சீட்டு முதுகுல சிகரெட் சாம்பல் தட்ட ஒரு டப்பா இருக்கும்ல, அதுல இடிச்சுக்கிட்டே." பெரியண்ணனைப் பார்த்தாள். "உனக்கு ஜன்னல் இறக்குற கைப்பிடி. திருகிக்கிட்டே தூங்குவே."

சின்னவள் முழங்கையை மெதுவாக நீட்டினாள். நீட்டும்போதே குரல் இறங்கிவிட்டது. "இது?"

"சுட்ட தழும்பு. போட்டோ எடுக்கணும்னு எஞ்சின் மூடி மேல உன்னை உட்கார வச்சாரு. கொதிச்சுக்கிட்டிருந்தது. போட்டோவுல நீ சிரிக்கிறேன்னு எல்லாரும் சொல்வாங்க. கத்திக்கிட்டிருந்தே."

சின்னண்ணன் தனக்கு ஏதாவது உண்டா என்பது போலப் பார்த்தார். "நீ நல்லா தூங்குவேப்பா," என்றாள் அம்மா.

பிறகு பட்டாணிக் கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"அந்தக் கதவு கொண்டி சரியில்ல, சரியில்லன்னு உங்கப்பாகிட்ட வாய் ஓயாம சொல்லிட்டிருந்தேன். பிடிச்சுக்கிட்டு உட்காருன்னாரு. பிடிச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். டீ கேட்டாரு. ஃபிளாஸ்க் மூடிய திறக்க ரெண்டு கை வேணுமில்ல? கையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து வளைவு."

"நாங்கல்லாம் கத்தலையா?"

"பாடிக்கிட்டிருந்தீங்க. எனக்குக் கேட்டுச்சு. ரோட்டுல உட்கார்ந்துக்கிட்டுக் கேட்டேன். போகப் போகப் பாட்டு சின்னதாயிக்கிட்டே போச்சு."

"அப்பா?"

"அவரு டீக்குக் கையை நீட்டியிருக்காரு. வரல. நீட்டின கையோடயே கொஞ்ச தூரம் போயிருக்காரு. அப்புறம்தான் திரும்பிப் பார்த்திருக்காரு. வண்டியைத் திருப்ப இடமில்லைன்னு அவ்வளவு தூரமும் ரிவர்ஸ்லயே வந்தாரு. வந்து நிறுத்தி என்ன கேட்டாரு தெரியுமா? 'இறங்கணும்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?'"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சின்னவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"அடி பட்டுச்சாம்மா?"

"இந்தத் தோள்பட்டை இறங்கிப்போச்சு. கட்டுப் போட்டாங்க. சரியாச் சேரல. அன்னையிலேருந்து இந்தக் கை இதுக்கு மேல போகாது." இடது கையைத் தூக்கிக் காட்டினாள். தோள் மட்டத்தில் அது நின்றுவிட்டது.

மேல் அலமாரியில் இருக்கும் எதை எடுக்கவும் அம்மா யாரையாவது கூப்பிடுவாள். தலை வாரும்போது ஒரே கையால் வாருவாள். பிள்ளைகள் அதை அம்மாவின் அதிகாரம் என்றும், ஸ்டைல் என்றும், சில சமயம் சோம்பல் என்றும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?" என்றார் பெரியண்ணன்.

"நீங்க எங்க விட்டீங்க? ஆளாளுக்கு விழுந்துக்கிட்டே இருந்தீங்க. ஆசையாச் சொல்லுதுங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

சின்னவளுக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கேட்காமலிருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. கேட்டுவிட்டாள்.

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"நடுவுல. கியர்கிட்ட நின்னுக்கிட்டிருந்தே." அம்மா அவளைப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. "அப்பா திரும்பி வந்து நிறுத்தும்போது பார்க்கிறேன், என் இடத்துல கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கே. ஜன்னல் கிடைச்சிடுச்சுல்ல."

"நான் அப்பாகிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்லுவே? சொன்னா இடம் போயிடுமே."

முகத்தில் காற்று. திறந்த கதவு ஆடிக்கொண்டே வருகிறது. கீழே ஜல்லிக் கற்கள் ஓடுகின்றன. தூரத்தில் ரோட்டின் மேல் யாரோ சின்னதாக, இன்னும் சின்னதாக. அது தான்தான் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். விழுந்தவளுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்க முடியாது. உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

*

பெரியண்ணன் உரையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "ஒரே ஒரு பத்தியைத்தான் மாத்த வேண்டியிருந்தது," என்றார். "முன்னைவிட நல்லா வந்திருக்கு."

அம்மா அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெரியண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அப்பா கார் மாதிரியே இருக்கும்மா, உட்கார்ந்து பாருங்க."

"அதனாலதான்," என்று சொல்லிவிட்டு அம்மா சின்னவளின் சின்னக் காரில் ஏறினாள். பெல்ட்டை இழுக்கக் கை எட்டவில்லை. சின்னவள் குறுக்கே சாய்ந்து இழுத்து மாட்டிவிட்டாள். க்ளிக் என்று சத்தம் கேட்டதும் அம்மா அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

விழா மண்டபத்து வாசலில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. பாதி, லாரியில் ஏறி வந்திருந்தன. மன்றத் தலைவர் தோல் கையுறை போட்டுக்கொண்டு எல்லோரையும் வரவேற்றார். அவர் வந்தது வாடகைக் காரில். 'பெல்ட் இல்லாத பொற்காலம்' கேட்க வந்த அன்பர்கள், மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த தங்கள் புதுக் கார்களிலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் சின்னவள்.

பெரியண்ணன் அருமையாகப் பேசினார். ரெக்சின் சீட்டுக்குச் சிரித்தார்கள். தரைத்தகட்டு ஓட்டைக்குக் கைதட்டினார்கள். அம்மாவின் கை என்கிற ஒரே பெல்ட்டைச் சொன்னபோது பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கதவுக்குக் கொண்டி சரியில்லை. வண்டி நிறையப் பிள்ளைகள். பெல்ட் இல்லை, பலூன் இல்லை." நிறுத்தினார். சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆனால் எங்கள் நால்வரில் ஒருவர், ஒரே ஒருவர்கூட, அந்தக் காரிலிருந்து விழுந்ததில்லை!"

மண்டபம் அதிர்ந்தது. தேடிப்பார்த்தால் அந்த வாக்கியத்தில் ஒரு பொய்கூட இல்லை. பக்கத்தில் அம்மாவும் கைதட்டிக்கொண்டிருந்தாள், மடிக்கு மேல் தூக்காமல்.

காலையில் அண்ணன் தன்னுடையதை எடுத்துக்கொண்டார் என்று சண்டைக்குப் போனாள். இப்போது அவர் அம்மாவுடையதையே எடுத்துவிட்டார். இதற்கும் சண்டை போட வேண்டியதுதான். ஆனால் சின்னவள் உட்கார்ந்தே இருந்தாள். பேசாமலிருந்தால் ஒன்றும் நஷ்டமில்லை. திங்கட்கிழமை கடை திறந்ததும், தாடையைப் பதித்து உட்காருகிற முதல் ஆளிடம் பழைய கதையையே சொல்லலாம். முழங்கையில் தழும்பு இருக்கிறது. அது சூடு பட்டதா அடி பட்டதா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? அம்மா விழுந்தது வெளியே வந்தால்தான், அந்த ஜன்னலில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் வெளியே வரும்.

தலைவர் எழுந்தார். "ஐயா அவர்களிடம் யாருக்காவது கேள்வி உண்டா?"

பெரியண்ணன் மேடையில் தண்ணீர்க் குவளையை எடுத்தார். கேள்விகளை அவர் எப்போதும் இன்னொரு வகைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

சின்னவள் எழுந்தாள். "எனக்கு ஒண்ணு இருக்கு."

"என் தங்கை," என்று பெரியண்ணன் சபைக்கு அறிமுகம் செய்தார்.

"நாம நாலு பேரும் விழலைன்னு சொன்னீங்க. சந்தோஷம். அம்மா எங்க உட்கார்ந்திருந்தாங்க?"

பெரியண்ணனின் கை குவளையோடு பாதியில் நின்றது. "முன்னால," என்றார். "கதவோரமா."

"எதுவரைக்கும்?"

சபை கொஞ்சம் சிரித்தது. சிரித்துவிட்டு, மேடையில் இருந்தவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தியது. பெரியண்ணன் தண்ணீர் குடித்தார். குவளை காலியான பிறகும் குடித்தார். அக்கா மோவாயைக் கையால் மூடிக்கொண்டாள். சின்னண்ணன் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்த வாக்கில் இருந்தார்.

"அந்த வளைவு வரைக்கும்," என்று முதல் வரிசையிலிருந்து பதில் வந்தது.

தலைவர் குழம்பிப்போய் இறங்கி வந்து அம்மாவின் முன்னால் மைக்கை நீட்டினார். அம்மா வலது கையால் வாங்கப் போனாள். கையில் பை இருந்தது. சின்னவள் மைக்கை வாங்கி அம்மாவின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா ஒருதரம் இருமினாள். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டதும் அவளுக்கே கொஞ்சம் பிடித்துவிட்டது போலிருந்தது.

"அன்னைக்கு எனக்குக் கிளம்பவே மனசில்ல," என்று ஆரம்பித்தாள். "துவைக்கப் போட்ட துணி அப்படியே கிடந்தது. இவங்கப்பாதான், ஏரியைப் பார்த்துட்டு வந்துடலாம், ஏரியைப் பார்த்துட்டு வந்துடலாம்னு. ஏரி எங்க ஓடிடப்போகுது? சொன்னா கேட்டாத்தானே."

சபை காரை மறந்துவிட்டு முன்னால் சாய்ந்தது. அம்மா அவசரப்படவில்லை. கதவுக் கொண்டிக்கு வந்தாள், ஃபிளாஸ்க்குக்கு வந்தாள், ரோட்டில் உட்கார்ந்து கேட்ட பாட்டுக்கு வந்தாள். அப்பாவின் கேள்வியைச் சொன்னபோது எழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. அந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். சின்னவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். மைக்கை ஒரு விரற்கடை தள்ளியும் பார்த்தாள். அம்மா தலையை முன்னால் கொண்டுபோனாள்.

"எழுந்து பார்க்கிறேன், என் இடத்துல என் கடைசிப் பொண்ணு. ஜன்னல்ல கையை ஊனிக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு. எப்படி? யாரோ ரோட்டுல போற அம்மாவைப் பார்க்கிற மாதிரி."

தலைவர் சிரித்துக்கொண்டே சபைப் பக்கம் திரும்பினார். "யாருங்க அந்தப் பொண்ணு? வந்திருக்காங்களா?"

சின்னவள் ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடி மற்றக் கையைத் தூக்கினாள். பின்வரிசைக்காரர்கள் தெரியவில்லை என்றார்கள். இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினாள்.